பழைய போர்ப் படங்களில் சண்டை ஏன் தெரிவதில்லை?

கேள்வி இது: கிரிமியா (1853-56இல் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ரஷ்யாவோடு நடத்திய போர்), 1857 எழுச்சியின் லக்னோ, வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று 19ஆம் நூற்றாண்டின் போர்ப் படங்கள் எதை எடுத்தாலும் கூடாரங்கள், பீரங்கிகள், விறைப்பாக நிற்கும் அதிகாரிகள், இல்லாவிட்டால் பிணங்கள். சண்டை நடப்பதைக் காட்டும் படம் கண்ணில் படுவதே இல்லை. எடுத்தவர்கள் பயந்து ஒதுங்கினார்களா? அரசு தடுத்ததா? பல படங்கள் ஜோடிக்கப்பட்டவை என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

பயம் காரணமல்ல. அரசுத் தடையும் முதல் காரணமல்ல. அன்றைய கண்ணாடித் தகடு ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். போரில் எது படமாகும், எது ஆகாது என்பதை அந்தச் சில நிமிடங்கள்தான் தீர்மானித்தன. ஜோடனை பற்றிய கேள்விக்கும் அதைத் தெரிந்துகொண்டால்தான் நியாயமான பதில் சொல்ல முடியும். அதனால் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1850களின் நடுவிலிருந்து 1870களின் இறுதி வரை போர்க்களத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. லண்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் இதை வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, 1857இல் வறுமையில் இறந்தார். அவர் இலவசமாகத் தந்ததால்தான் இந்த முறை அவ்வளவு வேகமாகப் பரவியது.

வேலை கண்ணாடியைத் துடைப்பதில் தொடங்கும். ஓரங்களை முதலில் உரசி மழுக்க வேண்டும். இல்லையென்றால் கை அறுபடும், பூச்சும் ஓரத்தில் பிடிக்காமல் உரிந்து வரும். பிறகு மென்மையான மெருகுப்பொடியை ஆல்கஹாலில் குழைத்துத் தேய்த்து, உலர்ந்த துணியால் பளபளக்கத் துடைக்க வேண்டும். ஒரு விரல்ரேகை மிஞ்சினாலும் அந்த இடம் படத்தில் கறையாகத் தெரியும்.

அடுத்து கொலோடியன். வெடிபஞ்சு என்று சொல்லப்படும் நைட்ரேட் செய்த பஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் கரைத்தால் தேன்போல் ஒழுகும் பசை கிடைக்கும். அதில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் அயோடைடு உப்பு சேர்ப்பார்கள். 1860களில் அதோடு சிறிது புரோமைடும் சேர்ப்பது வழக்கமாயிற்று. தகட்டை ஒரு கையில் மட்டமாகப் பிடித்துக்கொண்டு, நடுவில் குளம்போல ஊற்றி, நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொன்றாகச் சாய்த்து ஓடவிட்டு, கடைசி மூலை வழியே மிச்சத்தைப் புட்டிக்குள் வடிக்க வேண்டும். வடியும்போது தகட்டை இப்படியும் அப்படியும் ஆட்டாவிட்டால் கோடு கோடாக வரி விழும். இதெல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும், ஏனென்றால் ஈதர் பறந்துகொண்டே இருக்கிறது.

பூச்சு ஒட்டும் பதத்துக்கு வந்ததும் இருட்டறைக்குள் போய் 7 அல்லது 8 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலில் மூன்று நான்கு நிமிடம் முழுக வைக்க வேண்டும். பூச்சிலுள்ள அயோடைடு அங்கே வெள்ளி அயோடைடாக மாறி, தகடு பால்போல் வெளுக்கும். மேலே தூக்கும்போது எண்ணெய் படிந்தது போன்ற கோடுகள் ஓடினால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். பதமானதும் தகட்டை மரச்சட்டத்தில் அடைத்து, முன்பே ஃபோகஸ் செய்து வைத்திருக்கும் கேமராவுக்குக் கொண்டு ஓட வேண்டும். ஷட்டர் கிடையாது. லென்ஸின் மூடியைக் கழற்றி, வாய்க்குள் எண்ணி, மூடியைப் போட வேண்டும். மறுபடி இருட்டறை.

டெவலப் செய்வதுதான் கைத்திறனைச் சோதிக்கும் இடம். 1850களின் நடுவில் பைரோகாலிக் அமிலம் பெரிதும் வழக்கில் இருந்தது. 1860களில் அமெரிக்காவில் இரும்பு சல்ஃபேட்டும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசல். அதில் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்க்க வேண்டும். முன்பு முழுகிய தகடுகளிலிருந்து வெள்ளிக் கரைசலில் ஆல்கஹாலும் ஈதரும் ஏறியிருக்கும். வெறும் நீர்க்கரைசல் அப்படிப்பட்ட ஈரத்தின் மேல் சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். டெவலப்பரை ஓரத்திலிருந்து ஒரே வீச்சில் ஓடவிட வேண்டும். நடுவில் கை தயங்கினால் அந்த இடத்தில் கோடு நிலைத்துவிடும். ஓங்கி ஊற்றினால் மேலே நிற்கும் வெள்ளி அடித்துச் செல்லப்பட்டு அங்கே வழுக்கை விழும். நிழல் பகுதிகளில் விவரம் எழுந்ததும் தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். இரும்பு டெவலப்பரில் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அதன்பின் ஹைப்போ என்ற உப்பின் கரைசலிலோ பொட்டாசியம் சயனைடிலோ ஃபிக்ஸ் செய்து (ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கி), கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட் விளக்கின் மேல் சூடாக்கி சாண்டரக் பிசின் வார்னிஷ் பூச வேண்டும். சயனைடு சீக்கிரம் வேலை செய்யும், கழுவத் தண்ணீரும் குறைவாகப் போதும். அதனால் களத்தில் அதை விரும்பினார்கள். அடைபட்ட வண்டிக்குள் ஈதர் ஆவி, பக்கத்தில் சயனைடு, கையெல்லாம் சில்வர் நைட்ரேட்டின் கருங்கறை. இந்த மனிதர்கள் குண்டுக்கு முன்பே இத்தனை ஆபத்தோடு வேலை செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கொலோடியன் ஊற்றியதிலிருந்து டெவலப் செய்து முடிக்கும் வரை மிதமான வானிலையில் பத்து, பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். வெயிலில் அதில் பாதிகூடத் தேறாது. தகடு காயத் தொடங்கினால் மேலே தங்கியிருக்கும் சில்வர் நைட்ரேட் செறிந்து படிகமாகும். படம் முழுக்கச் சிப்பி ஓடு போன்ற கறையும் மூட்டமும் பரவும். ஆகவே இருட்டறை கேமராவிலிருந்து சில நிமிட நடைக்குள் இருந்தாக வேண்டும். அதாவது வண்டி, குதிரைகள், சுத்தமான தண்ணீர், ரசாயனப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் படமெடுக்கும் இடத்துக்கே வர வேண்டும். அப்படி ஒரு வண்டி துப்பாக்கிக் கோட்டுக்குள் போய் நிற்க முடியாது. புகாரெஸ்டைச் சேர்ந்த கரோல் சாத்மாரி 1854இல் டான்யூப் கரையில் ரஷ்ய, துருக்கியப் படைகளைப் படமெடுத்தபோது அவர் வண்டிமேலேயே பீரங்கிக் குண்டு வீசப்பட்டது.

ஒளிபடும் நேரம் இன்னொரு சுவர். முகப்படங்களுக்கான பெட்ஸ்வால் லென்ஸ் எஃப் 3.6 அளவுக்கு (இந்த எண் பெரிதானால் ஒளி குறையும்) ஒளியை விடும், ஆனால் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக விழும். நிலக்காட்சிக்கு உதவும் ஒற்றை லென்ஸை எஃப் 15 அல்லது அதற்கும் கீழே சுருக்கினால்தான் ஓரம் வரை தெளிவு வரும். அப்போது உள்ளே வரும் ஒளி முன்னதில் ஏறக்குறைய 17இல் ஒரு பங்கு. கிரிமியாவில் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டனுக்கு நல்ல வெளிச்சத்திலேயே 3 முதல் 20 நொடி வரை ஆயிற்று. ஐந்து நொடி திறந்திருக்கும் கேமராவின் முன்னால் ஓடிப்போகும் சிப்பாய் படத்தில் இருக்கவே மாட்டான். அவன் நின்ற இடத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஒளிகூடப் பதியாமல், பின்னாலிருக்கும் புல்லும் வானமும் அவனை அழித்துவிடும். பல படங்களில் குதிரையின் உடல் தெளிவாகவும் தலை மங்கலாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொடிகளும் அப்படித்தான்.

சண்டைக்குப் பக்கத்தில் வந்த ஒரு விதிவிலக்கைச் சொல்லலாம். 1863 செப்டம்பர் 8 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், சம்டர் கோட்டையின் மதில்மேல் நின்று ஜார்ஜ் குக் என்பவர் வடவர் தரப்பின் இரும்புக் கப்பல்கள் பீரங்கி சுடுவதைப் படமெடுத்தார். அது முடிந்ததற்குக் காரணம் தூரம். தொலைவில் இருக்கும் பெரிய கப்பலின் அசைவு தகட்டில் மிகச் சிறிதாகவே விழும். புகையும் மெதுவாகக் கலையும். கைக்கெட்டும் தூரத்துச் சண்டைக்கு அந்த வசதி இல்லை.

ஈரத் தகடு பரவுவதற்கு முன்பும் போரில் கேமரா இருந்தது. மெக்சிகோவோடு அமெரிக்கா நடத்திய போரின்போது 1847 வாக்கில் சால்தீயோ நகரில் எடுக்கப்பட்ட டாகெரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும்) படங்கள் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. எடுத்தவர் பெயரை அவை சொல்வதில்லை. வங்காளப் படையின் மருத்துவரான ஜான் மெக்காஷ் 1848-49இன் இரண்டாம் சீக்கியப் போரிலும் 1852இன் பர்மியப் போரிலும் காகித நெகட்டிவ் கொண்டு தளபதிகளின் முகங்களையும் கைப்பற்றிய பீரங்கிகளையும் எடுத்தார். காகிதத்தை முன்பே பக்குவம் செய்து எடுத்துப்போகலாம், டெவலப் செய்வதையும் தள்ளிப்போடலாம். வெயில் நாட்டில் அது பெரிய வசதி. மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் மெழுகிட்ட காகிதத்தைப் பெரிதும் நம்பியதும் அதனால்தான். ஆனால் காகிதத்துக்கு ஒளிபடும் நேரம் நிமிடக்கணக்கில் தேவை. கோபுரம் அசையாது, படை அசையும்.

இனி ஃபென்டன். அவருக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவம் 1854இல் ரிச்சர்ட் நிக்லின் என்பவரை இரண்டு ராணுவ உதவியாளர்களோடு கிரிமியாவுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று பிரிட்டிஷ் படையின் துறைமுகமான பாலக்லாவாவில் அடித்த புயலில் கப்பலோடு மூவரும் மூழ்கினார்கள், படங்களும் போயின. ஃபென்டனை அனுப்பியது அரசல்ல. மான்செஸ்டரின் படவியாபாரிகளான தாமஸ் ஆக்னியூ நிறுவனம் செலவேற்றது. அரச குடும்பத்தின் ஆதரவும் அறிமுகக் கடிதங்களும் கூட இருந்தன. 1855 மார்ச் 8 அன்று அவர் பாலக்லாவா போய்ச் சேர்ந்தார். 5 கேமராக்கள், மூன்று அளவுகளில் 700 கண்ணாடித் தகடுகள், மார்கஸ் ஸ்பார்லிங் உட்பட இரண்டு உதவியாளர்கள், ஒரு ஒயின் வியாபாரியிடம் வாங்கி இருட்டறையாக மாற்றிய வண்டி. ஜன்னல்களுக்கு மஞ்சள் கண்ணாடி. கொலோடியனுக்கு நீலமும் ஊதாவும்தான் உறைக்கும், மஞ்சள் வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்பதால் அந்த ஏற்பாடு. வண்டி வெளிர்நிறம், ரஷ்யப் பீரங்கிகளுக்குத் தூரத்திலேயே அது நன்றாகத் தெரிந்தது.

ஏப்ரல் கடந்ததும் வெயில் அவரைப் படுத்திய பாடு அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. கதவைச் சாத்தியதும் வியர்வை கொட்டும். கொலோடியன் தகட்டின் ஒரு பாதியில் ஓடி முடிக்கும் முன் மறுபாதி காய்ந்துவிடும். வெள்ளிக் கரைசலும் டெவலப்பரும் சூடேறினால் ஒளிபடாத இடமும் கறுத்து, தகடு முழுக்க மூட்டமாகும். கொலோடியனில் ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டுவது, டெவலப்பரில் அமிலத்தைக் கூட்டி வேகத்தைத் தணிப்பது என்று இதற்குச் சில கைவைத்தியம் உண்டு. ஓரளவுக்கு மேல் எதுவும் உதவாது. விடியலில் தொடங்கிக் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்வதுதான் வழி. அதற்கு மேல் எதிரில் நிற்பவர்களால் கண்ணைத் திறந்து வைக்கவும் முடியாது. இத்தனைக்கும் நடுவில் அவர் சுமார் 360 படங்களோடு திரும்பினார் என்பதை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன். ஜூன் இறுதியில் காலராவோடு ஊருக்குக் கிளம்பினார். நேசநாடுகள் முற்றுகையிட்டிருந்த ரஷ்யத் துறைமுகமான செவாஸ்தபோல் வீழ்ந்தது செப்டம்பரில். அந்த இடிபாடுகளைப் படமெடுத்தவர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஃபெலிச்சே பியாட்டோவும்.

ஃபென்டனின் படங்களில் பிணங்கள் இல்லை. அரைகுறையாகப் புதைந்த எலும்புக்கூடுகளைக் கண்டதாகக் கடிதத்தில் எழுதியவர் அவற்றைப் படமெடுக்கவில்லை. இதற்கு அரசுத் தடையைக் காரணம் சொல்வோர் உண்டு. வாங்குபவர்தான் காரணம் என்பது என் கருத்து. ஆக்னியூ நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது வரவேற்பறையில் வைக்கத்தக்க ஆல்பம். மேலும் தாமஸ் பார்க்கர் என்ற ஓவியர் செவாஸ்தபோல் முன் நிற்கும் நேசநாட்டுத் தளபதிகளைப் பெரிய ஓவியமாகத் தீட்ட, முகங்கள் வேண்டியிருந்தன. அதிகாரிகளின் உருவப்படங்கள் அத்தனை இருப்பதற்கு அது ஒரு நேரான காரணம். குளிர்கால உடையில் நிற்கும் வீரர்களின் படங்களும் அதில் உண்டு. ஃபென்டன் இறங்கியதே மார்ச்சில்தான், படையைக் கொன்று தின்ற அந்தப் பனிக்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. போர் முடிந்ததும் ஆர்வம் வடிந்து, 1856 டிசம்பரில் மிச்சப் பிரதிகளும் நெகட்டிவ்களும் ஏலத்துக்குப் போயின.

ஏழே ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நிலைமை வேறு. 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர் நடந்தது. அலெக்சாண்டர் கார்ட்னரும் ஜேம்ஸ் கிப்சனும் ஓரிரு நாளில் களத்தில் இருந்தார்கள். கார்ட்னரால் அவ்வளவு சீக்கிரம் போக முடிந்ததன் காரணம் பலருக்குத் தெரியாது: அவர் வடவர் படைத் தளபதி மக்லெல்லனின் தலைமையகத்துக்காக வரைபடங்களைக் கேமராவில் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராணுவத்துக்குப் புகைப்படக்கலை உண்மையாகப் பயன்பட்டது இதற்குத்தான். கையால் ஒரு வரைபடத்தைப் படியெடுக்க ஆகும் நேரத்தில் ஒரே நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் போட்டுத் தளபதிகளுக்கு அனுப்பலாம். போர்க்களக் காட்சிகள் அந்த அனுமதியின் ஓரத்தில் எடுக்கப்பட்டவை.

ஆன்டீட்டம் படங்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோ. இரண்டு சிறு லென்ஸ்கள், ஒரே தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிம்பம். ஃபோக்கல் நீளம் குறைவு என்பதால் லென்ஸை அதிகம் சுருக்காமலே அருகும் தொலைவும் சேர்ந்து கூர்மையாக விழும். ஒளிபடும் நேரமும் சில நொடிகளாகக் குறையும். தகடு சிறியது, ஊற்றுவது எளிது, வண்டியிலும் இடம் மிச்சம். வீட்டில் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிணங்கள் முப்பரிமாணமாக எழுந்தன. தட்டையான பிரதியை மட்டும் இணையத்தில் பார்க்கும் நமக்கு அந்த அதிர்ச்சியின் பாதிதான் வந்து சேருகிறது.

அந்த அக்டோபரில் நியூயார்க்கில், கார்ட்னரின் அப்போதைய முதலாளியான மேத்யூ பிரேடியின் படக்கூடத்தில் இவை வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. அந்தப் படங்களில் கிடப்பவர்கள் பெரும்பாலும் தென்னவர் படையினர். இதில் அரசியலைத் தேடும் முன் புதைக்கும் வரிசையைப் பாருங்கள். களம் வடவர் வசம் இருந்தது. அவர்கள் தங்கள் ஆட்களை முதலில் புதைத்தார்கள். கேமரா வரும்போது மிஞ்சியிருந்தது எதிரியின் உடல்கள். லக்னோவிலும், 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தாக்கிய சீனத்தின் டாகு கோட்டையிலும் இதே விதிதான். பிரிட்டிஷார் கேமராமுன் கிடப்பதில்லை. சிப்பாய்களும் சீனர்களும் கிடக்கிறார்கள்.

‘பிரேடி எடுத்தது’ என்று அச்சாகும் படங்களில் பல அவர் கையால் எடுக்கப்பட்டவை அல்ல. கடைமுதலாளியின் பெயரை அட்டையில் போடுவது அன்றைய வழக்கம். 1863இல் கார்ட்னர் தனிக்கடை வைத்த பிறகு, ஒவ்வொரு நெகட்டிவையும் எடுத்தவர் பெயரை அச்சிட்டார். திமத்தி ஓ’சல்லிவன் போன்றவர்களை இன்று நாம் பெயரோடு அறிவதற்கு அந்த நேர்மை உதவியது.

இப்போது ஜோடனை. இந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போடுவது தவறு. அசையாமல் நில்லுங்கள் என்று கேட்பது ஒன்று. பொருளையோ உடலையோ இடம் மாற்றுவது வேறொன்று. படத்தின் கீழே பொய் எழுதுவது மூன்றாவது. முதலாவது இல்லாமல் அன்று படமே கிடையாது. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. மற்ற இரண்டையும் ஒவ்வொரு படமாகத்தான் பார்க்க வேண்டும்.

ஃபென்டனின் புகழ்பெற்ற ‘மரண நிழலின் பள்ளத்தாக்கு’ 1855 ஏப்ரல் 23 அன்று எடுக்கப்பட்டது. 1854இல் பிரிட்டிஷ் இலகுக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து மடிந்த பள்ளத்தாக்கு இது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது வேறு இடம். ஒரே கோணத்தில் இரண்டு தகடுகள் இருக்கின்றன. ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்க, பாதை வெறுமையாக இருக்கிறது. மற்றதில் பாதை மேலேயும் குண்டுகள். எது முதலில்? நிழலை வைத்துத் தீர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 2007இல் ஆவணப்பட இயக்குநர் எரால் மோரிஸ் நடத்திய ஆய்வில் விடை சரிவில் கிடந்த சிறு கற்களில் கிடைத்தது. குண்டுள்ள படத்தில் அந்தக் கற்கள், வெறும் பாதைப் படத்தில் இருப்பதைவிடக் கீழே கிடக்கின்றன. காலிடறி உருண்ட கல் மேல்நோக்கிப் போகாது. ஆகவே வெறும் பாதைதான் முதல் படம். குண்டுகள் பிறகு பாதைக்கு வந்தன. வைத்தது யார் என்பதைத் தகடு சொல்லாது. அங்கே குண்டுமழை பொய்யல்ல. ஃபென்டன் தான் விரும்பிய இடத்துக்குக்கூடப் போக முடியாமல், குண்டுகள் தாண்டிச் செல்லும்போதுதான் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்று இரண்டு படம் எடுத்தார்.

கெட்டிஸ்பர்க் வேறு கதை. போர் 1863 ஜூலை 3இல் முடிந்தது. கார்ட்னர் குழு 5ஆம் தேதிவாக்கில் வந்தது. இளம் தென்னவர் வீரன் ஒருவனின் உடலைச் சரிவில் கிடந்தபடியே பல கோணங்களில் எடுத்தார்கள். பிறகு இரண்டு பாறைகளுக்கு நடுவே கல் அடுக்கிய ஒரு மறைவிடத்துக்கு உடலைத் தூக்கிப்போய், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து, ‘கலகப்படைக் குறிசூட்டாளனின் வீடு’ என்று ஒரு படம் எடுத்தார்கள். வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃபிராசனிட்டோ 1970களில் பாறைகளை நேரில் ஒப்பிட்டு, வெவ்வேறு பெயரில் இருந்த படங்களில் ஒரே முகம் இருப்பதைக் காட்டி இதை நிறுவினார். அந்தத் துப்பாக்கி குறிசூட்டாளர்கள் பயன்படுத்தும் வகையும் அல்ல. 1866இல் வெளியான தன் படத்தொகுப்பில் கார்ட்னர் இன்னும் ஒரு படி போனார்: நவம்பரில் திரும்பிப் போனபோது அதே இடத்தில் எலும்புக்கூடும் துருப்பிடித்த துப்பாக்கியும் கிடந்ததாக எழுதினார். உடல்களைப் புதைத்து, நினைவுப்பொருள் தேடுவோர் அலைந்து திரிந்த அந்தக் களத்தில் ஒரு துப்பாக்கி நான்கு மாதம் கேட்பாரற்றுக் கிடந்திருக்காது. உடலை நகர்த்தியதைவிட அந்த எழுத்தைத்தான் நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். ஒரு சாதாரணக் காலாட்படை வீரனின் மரணத்தை எடுத்து, இல்லாத ஒரு கதைக்குள் வைத்துவிட்டார்.

பியாட்டோவின் லக்னோ படம் இதையும் விடக் கனமானது. அங்குள்ள சிக்கந்தர் பாக் என்ற மதில்சூழ்ந்த தோட்டத்தில் 1857 நவம்பரில் சுமார் 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பியாட்டோ அங்கே போனது 1858இல், மாதங்கள் கழித்து. ஆனாலும் முற்றத்தில் மண்டையோடுகளும் எலும்புகளும் பரவிக் கிடக்க, பின்னால் சில இந்தியர்கள் நிற்கிறார்கள். மூடப்பட்டிருந்த உடல்களைப் படத்துக்காகத் திறக்கச் சொன்னார் என்று அப்போது லக்னோவில் இருந்த ஆங்கில அதிகாரி ஜார்ஜ் கேம்பல் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தைப் போரின் சாட்சியாக மட்டும் பாடநூல்களில் அச்சிடுவது போதாது. வென்றவர் தோற்றவரின் எலும்பை என்ன செய்தார் என்பதற்கும் அது சாட்சி. டாகு கோட்டையில், 1860 ஆகஸ்ட் 21 தாக்குதல் முடிந்த கையோடு, எடுத்து முடிக்கும் வரை பிணங்களைத் தொடாதீர்கள் என்று பியாட்டோ கேட்டுக்கொண்டதாக உடனிருந்த ராணுவ மருத்துவர் ரென்னி பதிவு செய்திருக்கிறார். அங்கே உடல்கள் இடம் மாற்றப்படவில்லை, அகற்றப்படுவதுதான் தள்ளிப்போனது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்தப் படங்கள் அன்று மக்களை எப்படி அடைந்தன என்பதும் தெரிய வேண்டும். பத்திரிகையில் புகைப்படத்தை அச்சிட வழி இல்லை. வரைபவர் படத்தை மரக்கட்டையில் நகலெடுப்பார், செதுக்குபவர்கள் செதுக்குவார்கள். கட்டை பல துண்டுகளாகத் திருகாணியில் பூட்டப்பட்டிருக்கும். கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து ஒரே இரவில் முடிப்பார்கள். ஆன்டீட்டம் பிணங்கள் 1862 அக்டோபர் 18 ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் இப்படித்தான் வந்தன. அசல் படம் வேண்டுமென்றால் ஆல்புமின் (முட்டை வெள்ளைக்கரு பூசிய) தாளில், வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டெடுத்த பிரதியை விலைக்கு வாங்க வேண்டும். நெகட்டிவ் எந்த அளவோ பிரதியும் அதே அளவு. கார்ட்னரின் இரண்டு தொகுதிகள், 100 படங்கள், விலை 150 டாலர். அது ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம், அதனால் விற்கவில்லை. பிரேடி கடனில் மூழ்கி, 1875இல் அமெரிக்கக் காங்கிரஸ் 25,000 டாலருக்கு அவருடைய தொகுப்பை வாங்கியது.

ஈரத் தகட்டின் ஆட்சியை முடித்தது ஜெலட்டின். ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் 1871இல் அந்த யோசனையை வெளியிட்டார். 1870களின் கடைசியில் கடையில் வாங்கும் உலர்தகடு வந்தது. ஒளிபடும் நேரம் நொடியின் சிறு பங்காகக் குறைந்தது, இருட்டறை வண்டி வீட்டிலேயே தங்கியது. 1899இல் போயர் போர் தொடங்கியபோது அதிகாரிகளின் பையிலேயே சுருள்ஃபிலிம் கோடாக்குகள் இருந்தன. படத்தைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையும் வந்துவிட்டதால் புகைப்படம் நேராகப் பத்திரிகைக்குப் போனது.

நீங்களே பார்த்து எடைபோட வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஃபென்டனின் 263 பிரதிகளும் உள்நாட்டுப் போரின் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களும் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறிய ஜேபெக்கை விட்டுவிட்டுப் பெரிய கோப்பை இறக்குங்கள். முதலில் வானத்தைப் பாருங்கள். நீலம் கொலோடியனில் வெள்ளையாகத்தான் விழும்; அழகான மேகம் இருந்தால் பெரும்பாலும் அது இன்னொரு நெகட்டிவிலிருந்து சேர்த்தது. வடவர் தளபதி ஷெர்மனின் படையெடுப்புப் படங்களில் ஜார்ஜ் பார்னார்ட் அப்படித்தான் செய்தார். அதே காரணத்தால் பிரிட்டிஷாரின் சிவப்புச் சட்டை ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். அடுத்து, நடமாட்டமுள்ள இடத்தில் பாதி கரைந்த உருவங்களைத் தேடுங்கள்; நேரம் எவ்வளவு என்று அவை சொல்லும். ஓரத்தில் விரல் தடம், ஒரு மூலையில் தடித்த கோடு இருந்தால் தகட்டை அந்த மூலையில் பிடித்து ஊற்றினார்கள் என்று தெரியும். ஒரே நாளில் எடுத்த படங்களை வரிசையாக வைத்து, உடல்களின் கால்களையும் பக்கத்துக் கற்களையும் ஒப்பிடுங்கள். ஃபிராசனிட்டோ செய்தது அதைத்தான். ஸ்டீரியோவாக இருந்தால் இடது, வலது இரண்டையும் பாருங்கள்: ஒரு குண்டோ புகையோ ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது களத்தில் இல்லை, பின்னால் வரைந்து சேர்த்தது.